பட்டு சேராத வேலை

பட்டுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிகந்தராபாத்தை அடுத்த போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. பதினான்கு பஸ், பதினான்கு டிரைவர், அறுநூறு சொச்சம் குழந்தைகள். எந்தக் குழந்தை எந்த நிறுத்தத்தில் ஏறும், எந்தக் குழந்தைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி வரும், எந்தத் தகப்பனார் ஐந்து நிமிஷத் தாமதத்துக்குச் சண்டைக்கு வருவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கும் வேலை. ஆனால் யாராவது அவளிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், பார்க்காத வேலையைப் பற்றித்தான் முதலில் சொல்வாள்.

"எனக்கு இருபத்திரண்டு வயசுல பேங்க்ல ஆபீசரா செலக்‌ஷன் ஆச்சு. ஆல் இண்டியா பரீட்சை. கௌஹாத்தில போஸ்டிங். எங்கப்பா அனுப்பலை."

இதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவாள். கேட்டவர்கள் 'அடடா' என்பார்கள். அதன் பிறகுதான் பள்ளிக்கூடம், பஸ் எல்லாம்.

அந்த வேலையில் அவள் சேரவே இல்லையே தவிர, அதில் அவளுக்குப் பதவி உயர்வு வராமல் இல்லை. அதே வருஷம் பரீட்சை எழுதி வங்கியில் சேர்ந்த ஸ்மிதா என்ற கல்லூரித் தோழி மேனேஜர் ஆனபோது, 'நான் போயிருந்தா இதுக்கு முன்னாடியே ஆயிருப்பேன்' என்று பட்டு நினைத்துக்கொண்டாள். ஸ்மிதா சீஃப் மேனேஜர் ஆனபோது பட்டு மனதுக்குள் ஏ.ஜி.எம். ஆகிவிட்டாள். அவள் சேராத வங்கி வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்ட செய்தி வந்த அன்று, சீனியாரிட்டி என்ன ஆகுமோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே கவலைப்பட்டாள். கண்ணாடி முன் தலை வாரும்போதும், பி.டி.ஏ. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த இன்னொரு பட்டு கூடவே இருந்தாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, வாசலில் பெயர்ப் பலகை. அவளோடு ஒப்பிட்டால் பஸ் பட்டு ஒன்றுமே இல்லை.

கணவர் ஜெயராம் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டெக்னிகல் ஆபீசர். சாது. லோத்குண்டாவில் கண்டோன்மெண்ட் மதிலை ஒட்டிய தெருவில், மாடியில் வீடு. ஒரே பெண் ஹம்ஸினிக்கு இருபத்திமூன்று வயது. பட்டுவின் அம்மா இறந்த பிறகு, ஏழு வருஷமாக அப்பா நாராயணஸ்வாமியும் அவர்களோடுதான் இருந்தார். ராணுவம் சார்ந்த ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எண்பத்துமூன்று வயது, அதிகம் பேசமாட்டார்.

அம்மாவின் பதிமூன்றாம் நாளன்று, உறவுக்காரர்கள் இலை முன் உட்கார்ந்திருக்கும்போது ஏதோ பேச்சு வந்து, பட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மாவே போன்னுதான் சொன்னா. என் வாழ்க்கையை நிறுத்தினது நீங்கதான்." நாராயணஸ்வாமி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த ஹம்ஸினிக்கு அப்போது பதினாறு வயது. அதற்குப் பிறகு அவள் தாத்தாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. "தாத்தா, மாத்திரை." "தாத்தா, யுவர் போன்." அவ்வளவுதான்.

ஹம்ஸினி பி.காம். முடித்து மூன்று வருஷமாக வங்கிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். கால அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதைப் போட்டது பட்டு. ஹம்ஸினிக்கு அதில் விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் பதில் தெரிந்திருக்காது. நிறுத்தப்பட்ட ஒரு வாழ்க்கையைத் தொடர வேண்டும் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவள் அவள்.

ஜூன் கடைசியில் வாசு மாமா ஜபல்பூரிலிருந்து வந்தார். பட்டுவின் அம்மாவுக்குத் தம்பி. இளம் வயதில் நாராயணஸ்வாமியின் வீட்டில் தங்கி வேலை தேடியவர். மாரேட்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்காக வந்தவர், இரண்டு நாள் பட்டு வீட்டில் தங்கினார். அவர் வந்த மறுநாள் காலையில் ஹம்ஸினியின் பரீட்சை முடிவு வந்தது. தேறவில்லை. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயராம் காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கூடத்தில் வாசுவும் நாராயணஸ்வாமியும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத்தான் கொடுத்து வைக்கலை. இவளாவது போவான்னு பார்த்தேன்" என்றாள் பட்டு, சட்னியைப் போட்டபடி.

"விடு பட்டு" என்றார் வாசு. "எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்கறதில்லை. நீயே கிடைச்ச வேலையை வேண்டாம்னு விட்டவதானே. என்ன கெட்டுப் போச்சு?"

"நானா விட்டேன்? அப்பான்னா அனுப்பலை."

வாசு இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "அத்திம்பேரா? உனக்கும் அவருக்குமா ரெண்டு டிக்கெட். கல்கத்தா வரைக்கும். சிகந்தராபாத் ஸ்டேஷன்ல க்யூல நின்னு நான்தானே எடுத்துண்டு வந்தேன். அப்புறம் அதைக் கேன்சல் பண்ணவும் நான்தான் போனேன்."

"வாசு" என்றார் நாராயணஸ்வாமி. "நீ வேற யாரையோ நினைச்சிண்டு சொல்றே. நான்தான் அனுப்பலை."

வாசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அத்திம்பேரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கும். எனக்கும் அறுபது ஆச்சு" என்றார். சட்னி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்.

பட்டு அதை நம்பவில்லை. வாசு மாமாவுக்கு மறதி என்று ஜெயராமிடம் சொன்னாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நம்பர் பஸ்ஸின் டயர் விஷயமாக மெக்கானிக்கோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, காரணமில்லாமல் அவளுக்கு ஒரு நீல ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது. கோட்டி கடைத்தெருவில் குளிர்காலத்தில் திபெத்தியர்கள் போடும் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்தது. கனமான கம்பளி. ஹைதராபாத் குளிருக்கு அவ்வளவு கனம் வேண்டாம். உள்ளே இன்னொன்று போட்டுக்கொள்ள இடம் இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரிதாகவே எடுத்தார். ஹம்ஸினி பிறக்கும் வரை டிசம்பர் மாதங்களில் அதைத்தான் போட்டுக்கொண்டாள். பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டாள். அத்தனை வருஷம் போட்டுக்கொண்டும் அது எதற்காக வாங்கப்பட்டது என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

மெக்கானிக் போனில் இரண்டு முறை 'மேடம், மேடம்' என்றான்.

அன்று சாயங்காலம் நாராயணஸ்வாமி பால்கனியில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பட்டு கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த நீல ஸ்வெட்டர் எதுக்கு வாங்கினேள்?"

அவர் பேப்பரை மடித்தார். "குளிருக்கு."

"எந்த ஊர் குளிருக்கு?"

அவர் மதிலுக்கு அப்பால் பார்த்தார். ராணுவ நிலத்தில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாசு மாமா சொன்னது நிஜமா?"

"நிஜம்தான்" என்றார். "ஒரு மாசம் லீவ் சாங்ஷன் ஆயிருந்துது. உன்னைக் கொண்டு விட்டு, கூட இருந்து, நீ தங்க ஒரு ஆத்தைப் பார்த்து வெச்சுட்டு வர்றதா இருந்தேன். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நீ சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தே. பெட்டி மேல உக்காந்துண்டு, என்னால முடியாதுப்பான்னே. போய்ப் பார்க்கலாம், பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்னேன். நீ மாட்டேன்னுட்டே."

"அப்புறம்?"

"எல்லாரும் கேப்பாளே, என்ன சொல்றதுன்னு அழுதே. நீங்க வேண்டாம்னுட்டேள்னு சொல்லிடுங்கோன்னே. சரின்னேன்."

"நான் சொன்னேனா அப்படி?"

"சொன்னே."

பட்டுவுக்கு அது நினைவில் இல்லை. பெட்டி நினைவிருந்தது. பச்சைக் கலர், மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவள் பெயர். அதன் மேல் உட்கார்ந்ததும் நினைவிருந்தது போல் இருந்தது. சொன்னது மட்டும் இல்லை.

"மறந்தே போயிட்டேனா நான்?" என்றாள்.

"அது எனக்குத் தெரியாது. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம், யார்கிட்டயாவது இதைச் சொல்றச்சே நீ என் மூஞ்சியைப் பார்க்க மாட்டே. அப்புறம் பார்த்துண்டே சொல்ல ஆரம்பிச்சே."

கீழே காய்கறி வண்டிக்காரன் மைக்கில் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனான்.

"அம்மாவோட பதிமூணாம் நாள் அத்தனை பேர் முன்னாடி உங்களைச் சொன்னேனே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"திறந்திருக்கலாம்." நாராயணஸ்வாமி கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். "நான் ஒண்ணும் உனக்காகத் தியாகம் பண்ணினேன்னு நினைச்சுக்காதே. முதல்ல உனக்காகத்தான் சொன்னேன். அப்புறம் அப்படி இல்லை. ஆபீஸ்ல நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. யார் என்ன வேலை தள்ளினாலும் வாங்கிப்பேன். என் லீவைத்தான் முதல்ல கேன்சல் பண்ணுவா. ஆத்துலயும் உங்கம்மா சொல்றதுதான். இந்த சமாசாரம் ஆபீஸ்ல பரவித்து. எங்க பாலசுப்ரமணியன் சார், பெரிய ஆபீசர், எல்லார் முன்னாடியும், நாராயணஸ்வாமி கண்டிப்பான ஆசாமி, பொண்ணுக்கு வந்த ஆபீசர் வேலையையே வேண்டாம்னு சொல்லிட்டார்னார். அந்தக் காலத்துல அது புகழ்ச்சி. அன்னிக்கு வரைக்கும் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதுக்கப்புறம் என் மேஜைல யாரும் சும்மா ஃபைலைப் போட்டுட்டுப் போகலை. நானும் கொஞ்சம் அதட்டிப் பேச ஆரம்பிச்சேன். எனக்கு அது பிடிச்சிருந்துது, பட்டு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. கோபம் என்று சொன்னால் கோபம்தான். ஆனால் எதற்கு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொய்யைக் காப்பாற்றியதற்கா, அதை உடைத்ததற்கா, அதில் அவரும் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டதற்கா. இன்னொரு பட்டு அந்த நாட்களில் வரவே இல்லை. தடுத்தவர் யாரும் இல்லை என்றான பிறகு அவளுக்கு நிற்க இடமில்லை. மிச்சமிருந்தது, பெட்டி மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்த ஒரு பெண்தான். முப்பது வருஷம் எல்லோரிடமும் தைரியசாலி போலப் பேசிய கோழை என்று தன்னைப் பற்றி நினைத்தாள். டிரைவர்களிடம் பேசும்போதுகூட அவள் குரல் இறங்கியிருந்தது.

ஜெயராமிடம் மட்டும் சொன்னாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்போ அந்த வேலைக்குப் பதிலா என்னைக் கல்யாணம் பண்ணிண்டது உனக்குத் தண்டனை இல்லையா?" என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று பட்டு பார்த்தாள். இல்லை.

"நான் அப்படி எப்பவும் சொன்னதில்லையே."

"சொன்னதில்லை" என்றார் ஜெயராம். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. மூன்றே முக்காலுக்கு ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் யாதகிரி போன் செய்தான். அல்வால் பக்கம் ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்கி பஸ் நின்றுவிட்டது. இருபத்தேழு குழந்தைகள். தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டது. ஏறிக்கொண்டும் இருக்கிறது.

பட்டு நான்காம் நம்பர் பஸ்ஸைக் காலியாகக் கிளப்பி அதில் ஏறினாள். வழியிலேயே பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டாள். வந்த போன்களை எல்லாம் எடுத்து, ஒரே விஷயத்தைத் தெலுங்கிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் மேட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அங்கிருந்து ஒன்பதாம் நம்பர் வரை ஐம்பது அடி இருக்கும். பழுப்பு நிறத் தண்ணீரில் செருப்புகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மிதந்து வந்தன. பள்ளம் எங்கே, சாக்கடை எங்கே என்று தெரியவில்லை.

பட்டுவுக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். கரையிலேயே பஸ்ஸின் கதவுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த யாதகிரி அதைப் பார்த்துவிட்டான்.

"மேடம், பயமா இருந்தா மேலேயே நில்லுங்க" என்றான் தெலுங்கில். "நானும் ஆயாவும் தூக்கிட்டு வந்துடறோம்."

"பயமாத்தான் இருக்கு" என்றாள் அவளும் தெலுங்கில். "இருபத்தேழு பேரை ரெண்டு பேர் எப்பத் தூக்கி முடிப்பீங்க? நட."

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. நான்காம் நம்பர் டிரைவரும் இறங்கினான். எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய குழந்தைகளைக் கை கோர்த்து வரிசையாக நடத்திக் கூட்டி வந்தார்கள். பட்டு எட்டு தடவை போய் வந்தாள். எட்டாவது தடவையும் பயம் குறையவில்லை. ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் தவிர எதுவும் தொலையவில்லை. கடைசிக் குழந்தையை வீட்டில் விட்டபோது ஆறரை மணி.

வீட்டுக்கு வந்ததும் ஹம்ஸினி துண்டு எடுத்து வந்து கொடுத்தாள். "அம்மா, யூ ஆர் ஷிவரிங்" என்றாள். வெந்நீர் போட்டாள். பட்டு குளித்துவிட்டு வந்து சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹம்ஸினி சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"ஹம்ஸு, கௌஹாத்திக்குப் போகாதேன்னு தாத்தா சொல்லலை" என்றாள் பட்டு. "டிக்கெட் எடுத்தார், ஸ்வெட்டர் வாங்கினார், லீவும் போட்டார். நான்தான் பயந்துண்டு போகலை. அப்பா மேல பழியைப் போடச் சொன்னதும் நான்தான்."

ஹம்ஸினி சாதப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, "உனக்கு இது எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வாரம்தான் கேட்டுத் தெரிஞ்சுண்டேன். ஆனா எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

"செவன் இயர்ஸ் நான் தாத்தாகிட்ட சரியாவே பேசலை. உனக்காக." அவள் சத்தம் போடவில்லை. "த்ரீ இயர்ஸ் எக்ஸாம் எழுதினேன். அதுவும் உனக்காக. கைக்கு அம்மா?" என்றாள் ஹைதராபாத் இந்தியில். "எதுக்கு?"

பட்டு தட்டைக் கீழே வைத்தாள். தெரியலை என்றாள். ஹம்ஸினி கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பட்டு பால் எடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜ் கதவில் கால அட்டவணை இல்லை. கிழித்துப் போடவில்லை, மடித்து மேலே வைத்திருந்தாள்.

"பேங்க் நக்கோ, வேண்டாம்" என்றாள் ஹம்ஸினி, பின்னாலிருந்து.

"சரி. வேற என்ன பண்ணப் போறே?"

"தெரியலை. நிஜமாவே தெரியலைம்மா. யோசிச்சதே இல்லை."

பட்டுவுக்கு உடனே ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இரண்டு மூன்று யோசனைகள்கூட வந்தன. பாலை அடுப்பில் வைத்தாள்.

ஆகஸ்டில் ஹம்ஸினி ஏ.எஸ். ராவ் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முகத்துக்கு ஃப்ரேம் பார்ப்பது, அளவெடுப்பது, காது வலிக்காமல் வளைத்துக் கொடுப்பது. ஆறு மாசம் பார்க்கிறேன் என்றாள். உறவில் சிலர் போன் செய்து, இதற்கா படித்தாள் என்றார்கள். "அவளுக்குப் பிடிச்சிருக்காம்" என்று பட்டு சொன்னாள். அதைச் சொல்வது முதல் நாலைந்து தடவை சுலபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி, 'இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க மேடம்' என்று கேட்டபோது, பழைய வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வீட்டில் இருந்தேன் என்றாள்.

ஜெயராம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே அவளை சங்கீத் நாற்சந்திப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ஹம்ஸினி தாத்தாவிடம் மன்னிப்பு கேட்டாளா என்று பட்டுவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் அவருடைய பழைய கண்ணாடியைக் கடைக்கு எடுத்துப் போய்ப் புது ஃப்ரேம் போட்டுக்கொண்டு வந்தாள். பால்கனியில் அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டு கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, ஒன் டவுட்" என்றாள் ஹம்ஸினி. "அப்போ ஒரு மாசம் லீவ் போட்டிருந்தேளே. போகலைன்னு ஆனதும் அந்த லீவை என்ன பண்ணினேள்? கேன்சலா?"

"இல்லை" என்றார் நாராயணஸ்வாமி. "என் சர்வீஸ்ல யாரும் கேன்சல் பண்ணாத லீவ் அது ஒண்ணுதான். நான் எதுக்கு விடணும்? ஆத்துலயே இருந்தேன்."

"ஒரு மாசம் ஃபுல்லா? என்ன பண்ணுவேள்?"

"வாசு வேலை தேடப் போயிடுவான். உங்க பாட்டி கோவிலுக்குப் போயிடுவா. நானும் உங்கம்மாவும் கேரம் ஆடுவோம். காலைல உக்காந்தா மத்தியானம் வரைக்கும்."

"யார் ஜெயிப்பா?"

"உங்கம்மாதான். முக்கால்வாசி நாள் அவதான்."

பட்டு மடிப்பதை நிறுத்தினாள். பலகை நினைவுக்கு வந்தது, மேலே தூவிய போரிக் பவுடரின் வாசனையோடு. தைப் பொங்கலை ஒட்டிய நாட்கள். ஜன்னல் வழியாக வெயில் பலகையில் பாதிவரைக்கும் விழும். அப்பா சிவப்புக் காயைத் தவறவிட்டுவிட்டுச் சிரிப்பார். தானும் சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்த மாதம் முழுவதும் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

அவள் துணியை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய், நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஹம்ஸினி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஃப்ரேமை வளைக்க ஆரம்பித்தாள்.